எந்த "பங்களா ரோசா"?

நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளைப் பக்கம் போய் "பங்களா ரோசா" இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் கையகலத்துக்கு விரிந்த மஞ்சள் பூவைக் காட்டுவார்கள், ஓரமெல்லாம் இளஞ்சிவப்பு. இரண்டு லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) தள்ளிப் போனால் அதே பெயரில் கொத்துக் கொத்தாக வெள்ளை. இராகலையில் கேட்டால் கறுப்பு என்றே சொல்லக்கூடிய கடும் சிவப்பு, படியேறும்போதே மணக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. மூன்றுமே எப்போதோ ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத் துரை பங்களாவிலிருந்து குச்சியாக வந்தவைதான்.

இலங்கை மலையகத்தில் ரோசா பரவிய விதம் அப்படி. பங்களாவில் பூத்தோட்ட வேலை பார்த்தவர், கவ்வாத்து வெட்டும்போது விழுந்த குச்சிகளில் நாலைந்தை ஈரச் சாக்குத் துண்டில் சுற்றிக்கொண்டு வருவார். லயத்து வாசலில் பழைய பால்மா டின்னில் ஊன்றி வைப்பார். பிடித்துக்கொண்டால் அடுத்த வருடம் அக்கா வீட்டுக்கு ஒரு குச்சி, அப்புறம் சம்பந்தி வீட்டுக்கு ஒன்று. செடியோடு பெயர் அட்டை எதுவும் வராது. துரைக்கு அதன் ஆங்கிலப் பெயர் தெரிந்திருக்கலாம், தோட்டக்காரர் காதிலும் ஒருமுறை விழுந்திருக்கலாம். ஆனால் குச்சி கைமாறும்போது கூடவே வருவது எங்கிருந்து வந்தது என்ற சேதி மட்டும்தான். அப்படி வந்தவைதான் "பங்களா ரோசா", "ஆபீஸ் ரோசா", "டிஸ்பென்சரி ரோசா" எல்லாம். பங்களா வேலையில் ஓய்வு பெற்ற என் சித்தப்பாவிடம் ஒரு ரோசாவின் பெயரைக் கேட்டால் பூவைப் பார்க்கமாட்டார். "இது யாரு குடுத்தது?" என்றுதான் திருப்பிக் கேட்பார்.

எனக்கு இந்தப் பெயர்கள் பிடிக்கும். தொல்லை வேறு இடத்தில். கைபேசியில் படத்தைப் போட்டுப் பெயர் தேடும் வசதி வந்த பிறகு, இந்த வாசல் ரோசாக்களுக்கெல்லாம் திடீரென்று பெரிய இடத்துப் பெயர்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. மஞ்சளும் இளஞ்சிவப்புமாக எது பூத்தாலும் 'பீஸ்'. வெள்ளைக் கொத்து என்றால் 'ஐஸ்பர்க்'. கருஞ்சிவப்பு என்றால் கேட்கவே வேண்டாம், 'மிஸ்டர் லிங்கன்'. அந்தப் பெயரிலேயே குச்சியும் கொடுக்கிறார்கள், வாங்கியவர் அதே பெயரில் இன்னொருவருக்குக் கொடுக்கிறார். "டிஸ்பென்சரி ரோசா" என்ற பெயரில் ஒரு உண்மையாவது இருந்தது. 'மிஸ்டர் லிங்கன்' என்று சும்மா எழுதி ஒட்டிய அட்டையில் அதுவும் இல்லை.

இந்தக் குழப்பத்தை நம்முடைய ஆட்கள் மட்டும் செய்ததாக நினைக்க வேண்டாம். ரோசா வியாபாரமே இரண்டு பக்கமும் கசியும் பெயர்களால் ஓடுகிறது: ஒரே செடிக்குப் பல பெயர், ஒரே பெயருக்குப் பல செடி.

முதல் வகைக்கு 'பீஸ்' போதும். பிரான்சில் பிரான்சிஸ் மெய்யான் 1930களில் உருவாக்கிய ரோசா அது. பிரான்சில் அதன் பெயர் 'மதாம் ஆ. மெய்யான்', அவருடைய தாயாரின் நினைவாக வைத்தது. ஜெர்மனியில் 'குளோரியா டேய்', இத்தாலியில் 'ஜொய்யா'. அமெரிக்காவில் 1945 ஏப்ரல் 29 அன்று 'பீஸ்' என்று பெயரிட்டு வெளியிட்டார்கள், போர் முடியும் நேரம். உலகம் முழுக்க நிலைத்தது அந்தக் கடைசிப் பெயர். நான்கு அட்டையோடு நான்கு செடி வாங்கி வந்தாலும் தோட்டத்தில் நிற்பது ஒன்றேதான்.

இரண்டாவது வகைதான் ஆளை அலைக்கழிப்பது. 'ஈடன்' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். மெய்யான் குடும்பமே 1950இல் 'ஈடன் ரோஸ்' என்று ஒன்றை வெளியிட்டது: கடும் இளஞ்சிவப்பில் பெரிய ஒற்றைப் பூக்கள் பூக்கும் ஹைபிரிட் டீ என்ற வகை. பிறகு 1985இல் அதே குடும்பம் ஒரு கொடி ரோசாவை வெளியிட்டது. பால் வெள்ளையில் உள்ளே போகப் போக இளஞ்சிவப்பு, முட்டைக்கோசு மாதிரி இதழ் நெருக்கம். பிரான்சில் அதற்குப் பெயர் 'பியேர் த ரொன்சார்', வேறு நாடுகளில் 'ஈடன்', 'ஈடன் ரோஸ் 85'. 2006இல் உலக ரோசாச் சங்கங்களின் புகழ் வரிசையில் சேர்ந்தது இந்தக் கொடிதான். இன்று 'ஈடன்' என்றால் பெரும்பாலானோர் நினைப்பதும் இதைத்தான். ஆனால் பழைய புத்தகத்தில் 'ஈடன் ரோஸ்' என்று படித்துவிட்டு இதைத் தேடினால் கதை வேறாகிவிடும்.

'ஐஸ்பர்க்' விஷயமும் அப்படியே. ஜெர்மனியின் கோர்டஸ் நாற்றுப்பண்ணை 1958இல் வெளியிட்டபோது அதன் சொந்தப் பெயர் 'ஷ்னேவிட்சென்'. ஆனால் அதே 'ஷ்னேவிட்சென்' என்ற பெயரில் பேட்டர் லாம்பர்ட் 1901இலேயே சிறு பூக்கள் பூக்கும் ஒரு பொலியந்தா ரோசாவை விட்டிருந்தார். அதுவும் வெள்ளைதான், கொத்துக் கொத்தாகத்தான் பூக்கும். ஐரோப்பிய ஆவணங்களை நம்பித் தேடுபவர் வருடத்தையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் எந்த 'ஷ்னேவிட்சென்' என்று பிடிபடாது.

இதைச் சமாளிக்க வந்ததுதான் குறியீட்டுப் பெயர். உலகெங்கும் வரும் புது ரோசாக்களின் பெயர்ப் பதிவை 1955 முதல் அமெரிக்க ரோசாச் சங்கம் கவனிக்கிறது. குறியீட்டில் உருவாக்கியவரின் பெயரிலிருந்து முதல் மூன்று ஆங்கில எழுத்து, பிறகு ஏதோ ஒரு சொல். மெய்யான் குடும்பத்துக்கு 'மெய்', கோர்டஸுக்கு 'கோர்', தான்தாவுக்கு 'தான்', டேவிட் ஆஸ்டினுக்கு 'ஆஸ்'. அந்தக் கொடி 'ஈடன்' பதிவேட்டில் 'மெய்வயோலின்'. 'ஐஸ்பர்க்' 'கோர்பின்'. ஆஸ்டினின் மஞ்சள் 'கிரஹாம் தாமஸ்' 'ஆஸ்மஸ்'. கடையில் விற்கும் பெயர் நாட்டுக்கு நாடு மாறினாலும் இது மாறாது. நல்ல ஏற்பாடு. பழைய ரோசாக்கள் பலவற்றுக்கு இப்படிக் குறியீடே கிடையாது என்பதும், இருக்கும் குறியீடு பால்மா டின் வரைக்கும் வந்து சேர்வதில்லை என்பதும்தான் குறை.

நுவரெலியாவிலிருந்து ஹக்கல போகும் வழியில் வீதியோரம் பூச்செடி விற்பவர்களிடம் ஒருமுறை நின்றேன். பையில் கட்டிய ஒட்டுக்கன்றுகள், ஒவ்வொன்றிலும் பளபளப்பான கலர் படம்.

"அண்ணே, இது ஈடன். கொஞ்சம்தான் வந்திருக்கு."

"எந்த ஈடன் தம்பி? கொடியா, செடியா?"

"ஈடன்னா ஈடன்தான் அண்ணே. படத்தப் பாருங்களேன்."

படத்தைப் பார்த்தேன். பக்கத்துப் பையில் வேறு பெயரோடு அதே படம் தொங்கியது. அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். மொத்தமாக வந்த கன்றுக்கு மொத்தமாக வந்த அட்டை, அவர் என்ன செய்வார்?

சரி, பெயரும் படமும் உதவாது என்றால் என்ன மிச்சம்? செடி மிச்சம். பூ அல்ல, செடி. இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, ஏனென்றால் எல்லோரும் கொண்டுவருவது பூவின் படம்தான், அதுவும் நேர் மேலிருந்து எடுத்தது. பூவின் நிறத்தைப்போல ஏமாற்றும் சாட்சி ரோசாவில் வேறு இல்லை.

நம் மலைநாட்டில் இது இன்னும் மோசம். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளைக்கு இறங்கினால் 1200 மீற்றர் சொச்சம், பதுளைக்கு இறங்கினால் 700 மீற்றருக்கும் கீழே. ரோசாவின் சிவப்பு, இளஞ்சிவப்பு நிறங்களைத் தரும் அந்தோசயனின் என்ற நிறமி குளிரில் கூடுதலாகச் சேரும், வெப்பத்தில் குறையும். அதனால் ஒரே செடியின் மூன்று குச்சியை மூன்று ஊரில் நட்டால் மூன்று பூவாகத் தெரியும். நுவரெலியாவை அடுத்த நானுஓயாவில் விளிம்பெல்லாம் சிவந்து நிற்கும் பூ, பதுளை வெயிலில் வெறும் வெளிர்மஞ்சளாகப் போய்விடும். ஒரே வாசலிலேயே மார்கழிப் பனியில் விரிந்த பூவும் பங்குனி வெயிலில் விரிந்த பூவும் ஒன்றுபோல இராது. பெயர் தெரியாதவர் இரண்டு வகை என்று சத்தியம் செய்வார்.

இங்கே இன்னொரு நம்பிக்கையும் குறுக்கே வரும். "மண்ணுக்குத் தக்கபடி பூ கலர் மாறும்" என்பார்கள். ஹைட்ரேஞ்சியாவைப் பார்த்து வந்த நம்பிக்கை இது. தேயிலை மண் புளிப்பானது, புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், அதனால் நம் பக்கத்து ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கிறது. சுண்ணாம்பு போட்டால் இளஞ்சிவப்புக்கு மாறும். இது ஹைட்ரேஞ்சியாவுக்கு முழு உண்மை, ரோசாவுக்குத் துளியும் பொருந்தாது. ரோசாவுக்கு எவ்வளவு சுண்ணாம்பைக் கொட்டினாலும் சிவப்பு மஞ்சளாகாது.

அப்படியானால் "போன வருஷம் வரைக்கும் மஞ்சள் பூத்தது, இப்ப குட்டிக் குட்டியா வெள்ளையா பூக்குது" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வது? அவர் சொல்வது நிஜம்தான், காரணம்தான் மண் இல்லை. கடையில் வாங்கிய ரோசா பெரும்பாலும் இரண்டு செடி: கீழே வேரோடு இருக்கும் ஒட்டுக்கட்டை ஒன்று, அதில் கண் வைத்து ஒட்டிய நல்ல ரோசா ஒன்று. ஒட்டுக்கு அடியிலிருந்து கிளம்பும் தளிரை வெட்டாமல் விட்டால், முரட்டு வேரின் சொந்தக் கிளை மேலே இருப்பதை நெருக்கிக் கொன்றுவிடும். பூ மாறவில்லை, ஆளே மாறிவிட்டது. 'பீஸ்' என்ற பெயர் மட்டும் அந்த வாசலிலேயே நின்றுவிடும். அந்த வெள்ளைப் பூச் செடியின் குச்சியும் 'பீஸ்' என்ற பெயரில் ஊரைச் சுற்றும்.

இதைக் கண்டுபிடிக்கப் பூ வேண்டியதில்லை. இலைக் காம்பு தண்டில் சேரும் இடத்தைப் பாருங்கள். காம்பின் இரு பக்கமும் ஒட்டினாற்போல மெல்லிய பச்சைச் சிறகு இருக்கும், இலையடிச் செதில் என்று பாடசாலையில் படித்திருப்போம். நல்ல தோட்ட ரோசாக்கள் பெரும்பாலானவற்றில் அதன் ஓரம் நேராக, அல்லது நுண்ணிய சுரப்பி மயிர்களோடு இருக்கும். ஒட்டுக்கட்டையாகப் பெரிதும் பயன்படும் மல்டிஃப்ளோரா ரோசாவில் அந்த ஓரம் சீப்புப் பல்லாகக் கிழிந்து நிற்கும். நகத்தால் நிமிர்த்திப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். பூத்த பிறகு இன்னொரு சாட்சியும் உண்டு: மல்டிஃப்ளோராவின் நடுவில் சூல்தண்டுகள் எல்லாம் ஒன்றாக ஒட்டி ஒரு குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும். ஹைபிரிட் டீயில் அவை தனித்தனியாகப் பிரிந்து கிடக்கும். "ஏழு இலை வந்தா காட்டு ரோசா, அஞ்சு இலைன்னா நல்ல ரோசா" என்று ஒரு கணக்கு எல்லா ஊரிலும் ஓடுகிறது. அதை நம்பி நல்ல கிளையை வெட்டி எறிந்தவர்கள் நிறைய. ஏழு சிற்றிலை விடும் நல்ல ரோசாக்கள் எத்தனையோ உண்டு. எண்ணிக்கையைவிடச் செதிலின் ஓரத்தை நம்பலாம்.

அடுத்தது புல்லி. மொட்டை மூடியிருக்கும் ஐந்து பச்சை இதழ்களைத்தான் சொல்கிறேன். ஐரோப்பாவில் பழைய இலத்தீன் விடுகதை ஒன்று இருக்கிறது: கூடப் பிறந்தவர்கள் ஐந்து பேர், இரண்டு பேருக்குத் தாடி, இரண்டு பேருக்கு இல்லை, ஒருத்தனுக்கு ஒரு கன்னத்தில் மட்டும். விடை ரோசாவின் புல்லி. சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. வாசலில் இருந்த செடியில் பாதி விரிந்த மொட்டு ஒன்றைக் கிள்ளிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு உட்கார்ந்தார். கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு புல்லியையும் கீழே மடக்கினார். முதலாவது, இரு பக்கமும் சிறு சிறு இழைகள். அடுத்ததும் அப்படியே. மூன்றாவது மொட்டையாக வழுவழுவென்று. நாலாவதும் மொட்டை. ஐந்தாவதை இப்படியும் அப்படியும் திருப்பினார், ஒரு ஓரத்தில் மட்டும் மூன்று இழை தொங்கியது.

"இத்தன வருஷமா இத வெட்டியிருக்கேன் தம்பி, எவன் தாடியப் பாத்தான்?" என்று சிரித்தார். பிறகு வேறு செடிக்குப் போய் அதையும் கிள்ளினார்.

காரணம் எளிது. மொட்டுக்குள் புல்லிகள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்திருக்கும்போது எந்த ஓரம் வெளியே தெரிகிறதோ அதில் மட்டும் இழை வளரும், மூடிய ஓரத்தில் வளராது. இந்த ஐவர் கணக்கு ரோசா இனத்துக்கே பொது, வகையைப் பிரிக்காது. வகையைப் பிரிப்பது தாடியின் அளவுதான். சிலவற்றில் இலைபோலவே அகன்று மொட்டின் உயரத்தைத் தாண்டி நீளும். சைனா ரோசா சாயல் அதிகமுள்ளவற்றில் தாடி மிகக் குறைவு, சில நேரம் ஐந்துமே மொட்டை. பூக்காம்பைத் தடவிப் பார்ப்பதும் அவசியம். சிலவற்றில் விரலில் பிசுபிசுப்பு ஒட்டும், முகர்ந்தால் பூ மணமே இல்லாத வேறொரு பிசின் மணம் வரும். சிலவற்றில் காம்பு மெழுகு பூசியதுபோல வழுவழுப்பு. முள்ளின் உருவத்தையும் சொல்லவேண்டும்: நேரா, கீழே வளைந்ததா, பெரியதும் சிறியதும் கலந்திருக்கிறதா, புதுத்தளிரில் அதன் நிறம் என்ன. இந்த அடையாளங்கள் வெயிலுக்கும் குளிருக்கும் நிறத்தைப்போல ஆட்டம் காட்டாது.

இந்த அடையாளங்கள் எல்லாம் இருந்தும் கைவிரிக்க வேண்டிய இடம் கருஞ்சிவப்பு. இராகலை "பங்களா ரோசா"வுக்கு எல்லோரும் சொல்லும் 'மிஸ்டர் லிங்கன்' 1964இல் அமெரிக்காவில் வந்தது. அதே வருடம் அங்கேயே 'ஒக்லஹோமா'வும் வந்தது. பிரான்சில் அதற்கு முந்தைய வருடம் 'பப்பா மெய்யான்'. மூன்றுக்கும் தாயும் தந்தையும் ஒன்றுதான்: 'கிறைஸ்லர் இம்பீரியல்', 'ஷார்ல் மாலெரான்'. கூடப்பிறந்த மூன்று பேர். மூன்றுமே வெல்வெட் சிவப்பு, மூன்றுமே மணத்துக்குப் பேர் போனவை. 'மிஸ்டர் லிங்கன்' நெடுநெடுவென்று நிமிர்ந்து வளரும், முழுதும் விரிந்தால் நடுவில் மகரந்தம் தெரியும். 'ஒக்லஹோமா' மூன்றிலும் கறுப்பு, மொட்டு உருண்டை. 'பப்பா மெய்யா'னுக்குச் சாம்பல் நோய் என்றால் பிறந்த வீடு, பகலில் வெயிலும் இரவில் குளிருமாக இருக்கும் மாதங்களில் தளிர் எல்லாம் மாவு பூசிக்கொள்ளும். நன்றாகப் பராமரித்த மூன்று செடியை அருகருகே நட்டுப் பார்த்தால் பிரித்துவிடலாம். உரமே காணாமல், கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில், கரும்புள்ளி நோயில் பாதி இலை உதிர்ந்து நிற்கும் ஒற்றைச் செடியைக் காட்டி எது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

மரபணுப் பரிசோதனை இருக்கிறதே என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். இருக்கிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, பெயர் சந்தேகமில்லாத இன்னொரு செடி வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், வளர்ப்பவர்கள் ஸ்போர்ட் என்று சொல்லும் கிளை மாற்றம். ஒரு செடியின் ஒரு கிளை மட்டும் தானாக வேறு நிறத்தில் பூக்கும், அதை ஒட்டி வளர்த்தால் புது வகை. 1962இல் வந்த 'சிகாகோ பீஸ்' அப்படி 'பீஸ்' செடியில் பிறந்தது, நிறம் இன்னும் கடுமை. 1912இன் 'ஒஃபீலியா'விலிருந்து 1918இல் 'மேடம் பட்டர்ஃபிளை', அதிலிருந்து 1926இல் 'லேடி சில்வியா'. செடியாக நின்றால் 'ஐஸ்பர்க்', கொடியாக ஏறினால் 'கிளைமிங் ஐஸ்பர்க்', அதுவும் ஸ்போர்ட்தான். வழக்கமான பரிசோதனையில் இவை தாயிலிருந்து பிரிந்தே தெரியாது. நிறத்தை நம்பாதே என்று மேலே எழுதிவிட்டு, இங்கே நிறம் மாறிய ஸ்போர்ட்டுக்கு நிறத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லை என்று எழுதவேண்டியிருக்கிறது. ரோசா அப்படித்தான்.

பன்னீர் ரோசா தனிக் கதை. எங்கள் பக்கம் இளஞ்சிவப்பில் மணக்கும் எதையும் பன்னீர் ரோசா என்பார்கள். கோயிலுக்கும் அதுதான், கல்யாண வீட்டுக்கும் அதுதான். உடனே ஒருவர், "அப்ப இதுதான் பல்கேரியாவில பன்னீர் எடுக்கிற டமாஸ்க்" என்று சொல்லிவிடுவார். இதை மறுக்கச் செடியைத் தொடக்கூட வேண்டாம், ஒரு கேள்வி போதும்: வருடத்தில் எத்தனை தடவை பூக்கிறது? கசன்லாக் பள்ளத்தாக்கில் பன்னீருக்கும் அத்தருக்கும் பறிக்கும் டமாஸ்க் வருடத்துக்கு ஒரே பருவம், சில வாரம் மட்டும் பூக்கும், அதற்கும் நல்ல குளிர்காலம் வேண்டும். தை மாசியில் பள்ளத்துத் தேயிலையைக் கருக்கும் பனி நமக்கும் விழுகிறது, ஆனாலும் அது குளிர்காலம் ஆகாது. மாதாமாதம் பூத்துக்கொண்டே இருக்கும் "பன்னீர் ரோசா" அந்த டமாஸ்க்காக இருக்கவே முடியாது.

தமிழ்நாட்டுப் பன்னீர் ரோசாவைத் தோட்டக்கலைக்காரர்கள் 'எட்வர்ட் ரோசா' என்று எழுதுவார்கள். 'ரோஸ் எதுவார்' என்ற பர்பன் ரோசா அது. இந்துசமுத்திரத்தில் இன்று ரீயூனியன் என்று சொல்லும் பர்பன் தீவில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனத்துக்கு வந்தது. அங்கே வேலிக்கு நட்டிருந்த சைனாவின் 'ஓல்ட் பிளஷ்' ரோசாவும் இருமுறை பூக்கும் டமாஸ்க்கும் தானாகக் கலந்து பிறந்தது என்று சொல்லப்படுகிறது. அடிக்கடி பூக்கும் குணம் சைனாவிலிருந்து, மணம் டமாஸ்க்கிலிருந்து. நம் வாசலில் நிற்பது அதுதானா என்றால், சில செடிகள் பொருந்துகின்றன, பல பொருந்தவில்லை. பொருந்தாதவற்றில் சில வெறும் ஹைபிரிட் டீ. மணம் இருந்ததால் பன்னீர் என்று ஆகிவிட்டன.

இந்த மாதிரி இடத்தில் என்ன செய்வது என்பதற்கு நல்ல முன்மாதிரி பெர்முடாவில் இருக்கிறது. அதுவும் நம்மைப்போலக் கப்பலில் ரோசா வந்து இறங்கி, அட்டை தொலைந்து, வேலிக்கு வேலி குச்சியாகப் பரவிய தீவு. 1954இல் தொடங்கிய பெர்முடா ரோசாச் சங்கம் இந்த அநாமதேயச் செடிகளைத் தூக்கி எறியவும் இல்லை, ஊகத்தில் பெரிய பெயர் வைக்கவும் இல்லை. கண்டெடுத்த இடத்தின் பெயரையோ வளர்த்தவரின் பெயரையோ சூட்டி, மர்ம ரோசாக்கள் என்று தனி வரிசையில் வைத்தது. "ஸ்மித்ஸ் பாரிஷ்" என்ற ரோசா அப்படி வந்தது, அங்குள்ள வட்டாரத்தின் பெயர் அது. ரோசாக்காரர்களிடையே ஒரு வழக்கமும் இருக்கிறது: பதிவான, உறுதியான பெயருக்கு ஒற்றை மேற்கோள், கண்டெடுத்த செடியின் தற்காலிகப் பெயருக்கு இரட்டை மேற்கோள். கவனித்திருந்தால் தெரியும், இந்தக் கட்டுரையிலும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

அதனால் "பங்களா ரோசா" என்பதைப் பிழை என்று நான் திருத்துவதில்லை. அது பாதிப் பெயர், மீதியைச் சேர்த்தால் போதும். எந்தத் தோட்டத்து பங்களா, எந்த டிவிசன், யார் கொண்டுவந்தது, ஏறத்தாழ எந்த வருடம். வாசலில் இருக்கும் செடிகளுக்கு நான் இப்போது எழுதும் அட்டையில் முதல் வரி வந்த இடம், அடுத்தது கொடுத்தவரை நாங்கள் கூப்பிடும் முறை, அதன்கீழ் செதில், புல்லி, முள் பற்றி ஒவ்வொரு சொல். பெரிய பெயர் ஏதாவது பொருந்துகிற மாதிரி இருந்தால் பென்சிலில், கேள்விக்குறியோடு. பேனாவால் எழுதிய பெரிய பெயர் இருப்பது ஒரே ஒரு செடிக்குத்தான், அது உறையோடும் குறியீட்டோடும் வந்த ஆஸ்டின் மஞ்சள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இந்தக் கேள்விக்குறி பிடிக்கவில்லை. "பேரு தெரியாத பூவ சாமிக்கு வச்சா ஏத்துக்காதா?" என்று கேட்டார். அவருடைய 'பீஸ்' செடியின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, சீப்புப் பல் செதிலோடு கிளம்பியிருந்த இரண்டு தளிரைக் காட்டினேன். மேலே இருந்த பழைய கிளை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஒட்டுக்குக் கீழே கிளம்பியதை மண்ணை விலக்கி வேரோடு பிய்த்துவிட்டோம், வெட்டினால் இரண்டாகத் தழையும். பழைய கிளை பிழைத்துப் பூத்தால், அப்போது அது 'பீஸ்'தானா என்று பார்க்கலாம்.

உங்கள் வாசலிலும் இப்படி ஒன்று நின்றால், நுவரெலியாவின் ஏப்ரல் வசந்த கால விழாவுக்குப் பூக்க வைக்கக் கத்தியை எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். குளிரில் கவ்வாத்துக்கும் பூவுக்கும் இடையே இரண்டு மாதமாவது ஓடும். அதனால் ஏப்ரலில் பூ வேண்டுமென்றால் தை மாதக் கடைசியிலேயே வெட்டிவிடுவார்கள். அதற்கு முன் மொட்டு ஒன்று, இலைக்காம்பின் அடி ஒன்று, முள்ளோடு தண்டு ஒன்று, பக்கவாட்டில் பூ ஒன்று என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் பாடசாலைப் பிள்ளையின் அடிமட்டத்தை வைத்து. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் யார் கொடுத்த குச்சி என்று இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள். கவ்வாத்து முடிந்தபின் எல்லா ரோசாவும் முழங்கால் உயரத்துக் குச்சிதான், என்னைக் கேட்டாலும் எது எதென்று தெரியாது.